முகம் மரத்துப் போனால் பல்லை மட்டும் பார்த்தால் போதுமா?

கன்னத்தில் ஒரு பக்கம் மரத்துப் போனால் நம்மவர்கள் முதலில் சொல்வது, "காற்று பட்டிருக்கும்", "இனிப்பு நீராக இருக்கும்", "பல்லாக இருக்கும்" என்பதுதான். பல வேளைகளில் காரணம் சாதாரணமானதே. ஆனால், வாரக் கணக்கில் மாறாத மரமரப்புக்கு, அரிதாகப் புற்றுநோயும் காரணமாகலாம்.

முகத்தின் தொடு உணர்வை மூளைக்குக் கொண்டு செல்வது ஐந்தாவது மூளை நரம்பு. நெற்றி, கன்னம், தாடை என அது மூன்று கிளைகளாகப் பிரிகிறது. வாய் கோணிப் போவது வேறு. அது ஏழாவது நரம்பின் கோளாறு. வாய் கோணினால் வீட்டார் கண்ணில் பட்டுவிடும். மரமரப்போ வெளியே தெரியாது, பலருக்கு வலியும் இருக்காது. அதனால்தான் மாதங்கள் ஓடிவிடுகின்றன.

மூக்குக்குப் பின்னால், தொண்டையின் மேற்பகுதியில் வரும் புற்றுநோய் மண்டையோட்டின் அடிப்பகுதிக்குப் பரவினால் கன்னம் மரத்துப் போகலாம். மலேசியாவில் இது சீனர்களிடமும் சரவாக் பிடாயு மக்களிடமும் அதிகம், இந்தியர்களிடம் குறைவு. குறைவு என்பதால் வராது என்று பொருளில்லை. உமிழ்நீர்ச் சுரப்பியில் தோன்றும் ஒரு வகைப் புற்றுநோய் மெதுவாக வளர்ந்து, நரம்பின் வழியாகவே பரவும். கீழுதடும் முகவாயும் மட்டும் மரத்துப் போனால், மார்பகப் புற்றுநோயோ நிணநீர்ப் புற்றுநோயோ தாடை எலும்புக்குப் பரவியிருக்கலாம்.

வெற்றிலை, பாக்கு, புகையிலைப் பழக்கத்தால் நம் சமூகத்தை அதிகம் தாக்கும் வாய்ப்புற்றுநோயும் தாடை நரம்பைத் தொடக்கூடும்.

சிக்கல் நோயின் அரிய தன்மையில் மட்டும் இல்லை. பல் மருத்துவர் பல்லைப் பார்க்கிறார், கிளினிக்கில் இனிப்பு நீரைச் சோதிக்கிறார்கள். முழுக்கதையையும் ஒரே இடத்தில் சொல்ல ஆளில்லை. நகர மருத்துவமனைக்குப் போனால் ஒரு நாள் சம்பளம் போய்விடும் என்பது தோட்டத் தொழிலாளியின் கவலை.

எனவே மரமரப்பு எப்போது தொடங்கியது, பரவுகிறதா, முன்பு புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றதுண்டா என்பதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கழுத்தில் கட்டி, ஒரு காது அடைப்பு, மூக்கில் இரத்தம், இரட்டைப் பார்வை ஆகியவை சேர்ந்திருந்தால் காத்திருக்கக் கூடாது. பல் எக்ஸ்ரேயில் மண்டையோட்டின் அடிப்பகுதி நரம்புகள் தெரியாது, எம்.ஆர்.ஐ. தேவைப்படலாம். அரசாங்க கிளினிக்கிலேயே நிபுணரிடம் அனுப்பும் கடிதத்தைக் கேட்கலாம்.

மரமரப்பு திடீரென வந்து, கை கால் பலவீனமோ பேச்சுக் குளறலோ இருந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே 999-ஐ அழைக்க வேண்டும்.