விடியாத கிரகம்

அறிவியல் தொடர்கதைக்கு ஒரு கிரகம் தேவைப்பட்டது. 2016-ல் கண்டுபிடித்த பிராக்ஸிமா பி-யைப் பிடித்தேன். 4.2 ஒளியாண்டு தூரம். நிலா பூமிக்குக் காட்டுவது போல, அதுவும் தன் சூரியனுக்கு ஒரே முகத்தைத்தான் காட்டும் போலிருக்கிறது. ஒரு பக்கம் ஓயாத பகல்; மறுபக்கம் ஓயாத ராத்திரி.

'நாளைக்குத் தர்றேன்' என்று கடன் கொடுத்தவரை அங்கே ஏய்க்க முடியாது. விடிந்தால்தானே நாளை! சூரியனைச் சுற்ற நம் கணக்கில் 11 நாள்தான். ஆகவே வருஷ வட்டி 11 நாளைக்கொரு தரம். (பி.காம். புத்தி!)

குடியிருக்க லாயக்கு, நடுவே ஓடும் அந்திப் பட்டை என்று கதைக்கு வைத்துக்கொண்டேன். அங்கும் காற்று மண்டலம் மெலிசாக இருந்தால் வம்பு. ராத்திரிப் பக்கம் போன காற்று அங்கேயே உறைந்துவிடக்கூடும்.

பிள்ளைச்சாவடி மீனவப் பெரியவர் ஒருவர் பொறுமையாகக் கேட்டார். "இந்தாண்ட சுடுது, அந்தாண்ட உறையுது, நடுவுல துண்டு நிலம். கடல் தின்னது போக நம்ம கரை இருக்கே, அது மாதிரி. சரி தம்பி, அந்தப் பட்டைக்குப் பட்டா யாரு பேர்ல?"