இதயம் துடிக்கையில் இறப்பா?

“சுவாமி, நெஞ்சு ஏறி இறங்குகிறது, உடம்பில் சூடு இருக்கிறது. டாக்டரோ உயிர் போய்விட்டது என்கிறார். எதை நம்புவது?” விபத்தில் அடிபட்ட மகனுக்காக ஆஸ்பத்திரி வாயிலில் காத்திருந்த தாய் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது.

அவரை டாக்டரிடம் அழைத்துச் சென்றேன். நெஞ்சை அசைப்பது செயற்கைச் சுவாசக் கருவியே என்றும், அதைச் சற்றே விலக்கிச் சோதித்தபோது மூச்சு எழவில்லை என்றும் அவர் பொறுமையுடன் விளக்கினார். மூச்சை ஆளும் மூளைத்தண்டு மீளாதபடி செயலிழந்த பின்னும், கருவியின் துணையால் இதயம் சில காலம் துடிக்கும். இதுவே மூளைச்சாவு. நினைவிழந்து கிடப்பது வேறு, அவர் உயிரோடிருப்பவர்.

திருச்சபை கூறுவதென்ன? இறப்பின் கணத்தை வரையறுப்பது மருத்துவரின் பொறுப்பென 1957-ஆம் ஆண்டில் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் உரைத்தார். மூளை முழுவதும் மீளாதவாறு செயலிழந்தமை கண்டிப்பான சோதனைகளால் உறுதிப்படின், அதனை இறப்பின் அடையாளமாகக் கொள்ளலாமென 2000-ஆம் ஆண்டில் இரண்டாம் அருள் சின்னப்பர் கற்பித்தார். எனினும் கத்தோலிக்க மருத்துவருள்ளும் சிலர் இதனை ஏற்பதில்லை. மூளைச்சாவுற்ற தாயின் உடல் வயிற்றுக் குழந்தையை வாரக்கணக்கில் வளர்த்ததுண்டே என அவர்கள் வினவுகின்றனர்.

நம் நாட்டில் சட்டச் சிக்கலும் உண்டு. 1994-ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டம் மூளைத்தண்டுச் சாவை ஏற்கிறது. உறுப்பு மாற்றும் குழுவைச் சேராத 4 மருத்துவர், குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்துச் சான்றளிக்க வேண்டும். 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமோ, உயிரின் அறிகுறிகள் யாவும் நிலையாக மறைதலே இறப்பு என்கிறது; மூளையைக் குறிப்பிடவில்லை. ஆகவே குடும்பத்தார் உறுப்பு தானத்துக்கு இசையாவிடில், கருவியை அகற்ற மருத்துவர் பலர் தயங்குகின்றனர்.

அந்தத் தாயும் இசையவில்லை. இரண்டு நாள் கழித்து இதயம் நின்ற பின்னரே மகன் இறந்ததாக எழுதினார்கள். இசைந்திருந்தால் இரண்டு நாள் முன்னரே இறந்தவராகியிருப்பார். ஒருவர் இறந்தாரா என்பது மற்றவர் கையொப்பத்தைப் பொறுத்ததாகலாமா?

அன்பார்ந்த பெற்றோரே, தானம் அன்பின் கொடை, கட்டாயமன்று. முதலில் இறப்பு ஐயமற உறுதியாகட்டும். பிறகே தானத்தைப் பற்றிய பேச்சு எழட்டும். “இருமுறையும் சோதித்தாயிற்றா? சான்றளித்தவர் யாவர்?” எனத் தயங்காது கேளுங்கள். அவ்வாறு கேட்பது விசுவாசக் குறைவன்று. இறைவன் தந்த உயிருக்கு நாம் செலுத்தும் மரியாதை.