ஊசிக்கு முன்னே சில வினாக்கள்

சென்ற திங்கள் சங்கக் கூட்டம் முடிந்து வெளியே வரும் வேளையில், அன்பர் ஒருவர் என்னைத் தனியே அழைத்துச் சென்று, சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த தாளை எடுத்து நீட்டினார். அவருக்கு வயது 47. காலை எட்டு மணிக்குப் புறப்பட்டு இரவு எட்டு மணிக்கு வீடு திரும்புகிறவர். ஓராண்டாகத் தீராத சோர்வு. உடற்பயிற்சிக் கூடத்தில் யாரோ சொன்னதைக் கேட்டு, அலுவலகம் முடிந்த ஒரு மாலையில் இரத்தம் கொடுத்துச் சோதித்திருக்கிறார். தாளில் டெஸ்டோஸ்டிரோன் என்பதற்கு எதிரே 270 என்ற எண்ணும், அதன் அருகே ‘குறைவு’ என்ற குறிப்பும் இருந்தன.

“ஊசி போட்டுக்கொண்டால் பழைய தெம்பு வந்துவிடும் என்கிறார்கள் டாக்டர். போட்டுக்கொள்ளட்டுமா?” என்று கேட்டார். அவருடைய இசைவு பெற்றே, பெயரை விடுத்து இதனை எழுதுகிறேன். இதே வினாவை வாய்விட்டுக் கேட்கக் கூசுவோர் நம்மிடையே பலர் உளர்.

இந்த ஆசை புதியதன்று. பிரௌன்-செக்கார் என்னும் புகழ்பெற்ற உடலியல் அறிஞர், 1889ஆம் ஆண்டில், தமது 72ஆம் வயதில், விலங்குகளின் விரைச் சாற்றைத் தம் உடலில் செலுத்திக்கொண்டு, இளமை மீண்டதாகப் பாரிசில் அறிவித்தார். அந்த இயக்குநீரோ தண்ணீரில் கரைவது அரிது. ஆகவே அவர் ஏற்றிக்கொண்ட சாற்றில் அது இருந்திருக்க இடமில்லை. அவருக்குத் தெம்பு தந்தது அவருடைய நம்பிக்கையே. 1935இல்தான் டெஸ்டோஸ்டிரோன் தனியே பிரித்தெடுக்கப்பட்டது. அதே ஆண்டில் செயற்கையாகவும் ஆக்கப்பட்டது.

நண்பரின் தாளுக்கு வருவோம். இந்த இயக்குநீர் வைகறையில் மிகுந்தும் மாலையில் குறைந்தும் இருப்பது. உணவு உண்டாலும், உறக்கம் கெட்டாலும், காய்ச்சல் கண்டாலும் தாழும். ஆதலால் காலையில் வெறும் வயிற்றில், வெவ்வேறு நாள்களில் இருமுறை சோதித்துப் பார்க்காமல் குறைவு என்று தீர்ப்புக் கூறலாகாது. அமெரிக்கச் சிறுநீரியல் சங்கம் டெசிலிட்டருக்கு 300 நானோகிராமை எல்லையாகக் கொள்கிறது. அங்கும் எண் மட்டும் போதாது, அறிகுறிகளும் வேண்டும். சிற்றின்ப வேட்கை குன்றியதா, ஆடவர்க்கு வைகறையில் இயல்பாய் நிகழும் உறுப்பெழுச்சி நின்றதா என்று வினவினேன். இரண்டும் இல்லை என்றார். சோர்வு மட்டுமே.

மறுவாரம் துணைவியாருடன் வரச் சொன்னேன். அவர் கூறியது இது: “இவர் குறட்டை விடும்போது நடுநடுவே மூச்சு நின்றாற்போல இருக்கும் டாக்டர். நான் எழுந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பேன்.” கணவருக்கு இது செய்தியாகவே இருந்தது! உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோய், தொந்தி, நீரிழிவு இவை எல்லாம் டெஸ்டோஸ்டிரோனைத் தாழ்த்த வல்லவை. மூச்சுத்தடையைக் கவனியாமல் ஊசி ஏற்றினால் அத்தடை மேலும் மோசமாகக் கூடும்.

அடுத்து நான் கேட்ட வினாவே முதன்மையானது. “இன்னொரு குழந்தை வேண்டும் என்ற எண்ணம் உண்டா?” இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பணியும் இடமாற்றமுமாக ஆண்டுகள் கழிந்து, 41ஆம் வயதில் மணம் புரிந்தவர் அவர். நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை. இரண்டாவது குழந்தைக்கு இருவரும் காத்திருந்தனர்.

வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால், மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பி, ‘போதும்’ என்று தன் ஏவலை நிறுத்திவிடுகிறது. ஏவல் இல்லாத விரைகள் சுருங்குகின்றன. விந்தணுக்கள் குறைகின்றன, அற்றும் போகின்றன. கருத்தடைக்கு இதுவே வழியாகுமா என்று உலகச் சுகாதார நிறுவனம் ஆய்ந்து 1990இல் முடிவு வெளியிட்டது; வாரந்தோறும் ஊசி பெற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டோர்க்கு விந்தணு அறவே இல்லாமற்போயிற்று. ஊசியை நிறுத்தியபின் அவை மீளப் பல திங்கள் ஆகும். சிலர்க்கு ஓராண்டும் கடக்கும். “ஆண்மைக்கு என்றல்லவா சொன்னார்கள்?” என்றார் நண்பர்.

மருந்தை நான் பழிக்கவில்லை. பிட்யூட்டரியில் கட்டி உள்ளவர்க்கும், புட்டாளம்மை விரைகளைத் தாக்கி அழித்தவர்க்கும், பிறவிக் குறை உடையார்க்கும் அது தேவையான மருந்து, வெட்கப்பட ஏதுமில்லை. 65 வயது கடந்த 790 ஆடவரிடம் நடத்தி 2016இல் வெளியான ஆய்வில் வேட்கை ஓரளவு மிகுந்தது. சோர்வு நீங்கியதாகத் தெரியவில்லை. இதய நோயோ அதற்கான வாய்ப்போ உடைய ஐயாயிரத்துக்கு மேற்பட்டோரிடம் நடந்து 2023இல் வெளிவந்த ஆய்வில் மாரடைப்பும் பக்கவாதமும் மிகவில்லை என்பது ஆறுதல். ஆயினும் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறுதலும், நுரையீரலில் இரத்தக் கட்டி அடைத்தலும் சற்று மிகுதியாகக் காணப்பட்டன. குருதி தடிப்பதால் அவ்வப்போது சோதிக்கவும் வேண்டும். சிவப்பணுக்களின் பங்கு நூற்றுக்கு 54ஐ மிஞ்சினால் மருந்தை நிறுத்திவைப்பர்.

தெற்கிலிருந்து இரயிலில் டில்லிக்கு வருவோர், இருப்புப்பாதை ஓரச் சுவர்களில் ‘மறைநோய்’ வைத்தியர்களின் விளம்பரங்களைக் கண்டிருப்பர். அத்தகைய விளம்பரங்களைத் தடுக்க 1954ஆம் ஆண்டே சட்டம் வந்துவிட்டது. சுவர் எழுத்து இன்று கைப்பேசிக்குள் குடிபுகுந்திருக்கிறது, அவ்வளவே.

நண்பர் காலை ஏழரை மணிக்கு வெறும் வயிற்றில் மீண்டும் இரத்தம் கொடுத்தார், எண் 365. ஒரு வாரம் கழித்து 350. ஊசிப் பேச்சு நின்றது. வரும் வெள்ளியன்று இரவு உறக்கச் சோதனைக்குச் செல்கிறார். அதற்கு முன் அவருடைய குறட்டையைக் கைப்பேசியில் பதிவு செய்து மருத்துவரிடம் காட்டும் பொறுப்பைத் துணைவியார் மிக்க மகிழ்ச்சியுடன் ஏற்றுக்கொண்டுள்ளார்.