கீரிக்கு நோ என்ட்ரி!

என்ன மக்கா, செமஸ்டர் லீவு விட்டாச்சா? ஊருக்குப் போனதும் ரெண்டு நாள் தூக்கம், மூணாவது நாள் டி.வி., நாலாவது நாள் 'எப்படா காலேஜ் திறக்கும்'னு ஒரு ஃபீலிங் வரும் பாருங்க... அந்த நாலாவது நாளுக்காகத்தான் இந்த வாரப் பக்கம்.

உங்க வீட்டுலயோ, மாமா வீட்டுலயோ கொல்லைப்பக்கம் ஒரு மாட்டுத் தொழுவம் சும்மா கிடக்கும். மாட்டை வித்து வருஷக்கணக்கா ஆகியிருக்கும். இப்போ அங்கே குடியிருக்கிறது பஞ்சர் ஆன சைக்கிள், விறகு, கிழிஞ்ச சாக்கு. அதே வீட்டுல கோழிங்க மட்டும் பஞ்சாரத்துக்கு அடியிலயோ முருங்கை மரத்து மேலயோ ராத்திரியை ஓட்டிட்டு இருக்கும். இந்த ரெண்டையும் சேர்த்து வெச்சா ஒரு பக்காவான புராஜெக்ட் ரெடி.

'கோழிக்கு வீடு கட்டவா நான் இன்ஜினீயரிங் படிக்கிறேன்?'னு சிரிக்கிற ஆளுங்களுக்கு ஒரு கேள்வி. ஹாஸ்டலுக்குக் கிளம்புறப்ப அம்மாவோ பாட்டியோ முந்தானை முடிச்சை அவிழ்த்து, கசங்கின நூறு ரூபா நோட்டைக் கையில திணிப்பாங்களே... அது எந்தக் கோழியோடதுன்னு என்னிக்காவது கேட்டிருக்கோமா? நாட்டுக்கோழிங்கிறது கிராமத்துப் பொம்பளைங்களோட சொந்த பேங்க். யார்கிட்டயும் கை நீட்டாம, கணக்கு சொல்லாம எடுக்கிற காசு அது. அந்த பேங்க் ஒரே ராத்திரியில திவாலாகும். காலையில கதவைத் திறந்தா இறகு மட்டும் பறக்கும்.

தின்னது ஒண்ணு, செத்தது எட்டுன்னு ஊர்ல சொல்வாங்க. அது கதை இல்லை. மூடின இடத்துல கோழிங்க பயந்து சிறகடிக்க அடிக்க, உள்ளே புகுந்த மிருகம் பசிக்கு மேலயும் கொன்னுட்டே போகும். ஹான்ஸ் க்ரூக் என்கிற விலங்கியல் ஆராய்ச்சியாளர் இந்த 'மிகைக் கொலை' பற்றி 1972-ல் ஒரு கட்டுரையே எழுதியிருக்கார். நமக்கு இதுல ஒரு பாடம் இருக்கு. வெட்டவெளியில இருக்கிற கோழி மரத்துக்காவது பறந்து தப்பிக்கும். ஒரே ஒரு ஓட்டை இருக்கிற கூண்டுல இருக்கிற கோழிக்கு அந்த வழியும் கிடையாது. அதனால, பாதி பாதுகாப்பு என்பது பாதுகாப்பே இல்லாததைவிட மோசம்!

எதிரி யாரு, எந்த ஷிஃப்ட்டு?

கீரிக்குப் பகல் ஷிஃப்ட். மரநாய், காட்டுப்பூனைக்கு நைட் ஷிஃப்ட். பாம்புக்கும் தெருநாய்க்கும் நேரம் காலமே கிடையாது. வானத்துல பருந்து, வல்லூறு. குஞ்சு பொரிச்ச சீசன்ல காக்காவும் அந்த லிஸ்ட்ல சேர்ந்துக்கும். பெருச்சாளி தரைக்கு அடியில சுரங்கம் போடும்.

'ஒரு பொறி வெச்சு கீரியைப் போட்டுத் தள்ளிடலாமே'னு நினைக்காதீங்க. கீரி, மரநாய், சாரைப்பாம்பு, நல்லபாம்பு எல்லாமே 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள்ள வர்ற ஜீவன்கள். வேலியில நேரடியா வீட்டுக் கரன்ட்டைக் கொடுக்கிற ஐடியா அதைவிட ஆபத்து. அதுல முதல்ல மாட்டப்போறது விறகு பொறுக்க வர்ற பக்கத்து வீட்டுப் பையனா இருக்கலாம். நம்ம வேலை எதிரியைக் கொல்றது இல்ல, ஏமாத்தித் திருப்பி அனுப்புறது.

தொழுவத்தோட பலவீனம்

மாட்டைக் கட்டுறதுக்காகக் கட்டின இடத்துல எதிரிக்கு நாலு கேட் திறந்தே இருக்கும். ஒண்ணு, மூத்திரக் கால்வாய் சுவருக்கு வெளியே போற ஓட்டை. யாரும் கண்டுக்காத இந்த ஓட்டைதான் கீரிக்கு ராஜபாட்டை. ரெண்டு, அரைச்சுவருக்கு மேல இருக்கிற திறந்த வெளி. மூணு, ஓட்டுக் கூரைக்கும் சுவருக்கும் நடுவுல இருக்கிற சந்து. மரநாய் இந்த வழியாத்தான் இறங்கும். நாலு, கதவுக்கு அடியில இருக்கிற இடைவெளி.

நாலையும் வலையால மூடணும், சிமென்ட்டால இல்ல. கூரைச் சந்தை மொத்தமா பூசி அடைச்சீங்கன்னா எச்சத்துல இருந்து கிளம்புற அம்மோனியா வெளியே போக வழி இருக்காது. காத்தைவிட லேசான வாயு அது (மூலக்கூறு எடை 17, காத்துக்குச் சராசரியா 29), மேலதான் போகும். மேல வழியை அடைச்சா கோழிக்குக் கண்ணெரிச்சலும் மூச்சுத் தொல்லையும் கியாரன்டி.

என்ன வலை? இங்கதான் முக்கால்வாசிப் பேர் சறுக்குறாங்க. கடையில 'கோழி வலை'ன்னு கேட்டா அறுகோணக் கண்ணு வெச்ச மெல்லிசு கம்பியைக் கொடுப்பாங்க. அது கோழியை உள்ளே வெச்சுக்கும். நாயை வெளியே வெச்சுக்காது. ஒரு தெருநாய் பல்லால இழுத்தா முறுக்கு பிரிஞ்சு வந்துடும். நீங்க கேட்க வேண்டியது அரை அங்குலக் கண்ணு வெச்ச வெல்டு மெஷ். குட்டிப் பாம்பு வேணா அதுல நுழையலாம், முட்டையை முழுங்குற சைஸ் பாம்பு நுழையாது. சும்மா ஆணியைத் தட்டி விடாம, ரீப்பர் கட்டையை மேல வெச்சு அழுத்தி, வாஷர் போட்டு ஸ்க்ரூ முடுக்குங்க.

கணக்கு போடுவோமா?

தொழுவம் 10 அடிக்கு 8 அடின்னு வெச்சுக்குவோம். 80 சதுர அடி. 20 கோழிக்குத் தலைக்கு 4 சதுர அடி, தாராளம். முதல்ல பழைய சாணியைச் சுரண்டி எடுத்து, உண்ணி ஒளிஞ்சிருக்கிற விரிசலையெல்லாம் பூசி, சுண்ணாம்பு அடிச்சு நல்லா காய விடுங்க. தரையில மூணு அங்குலத்துக்கு உமியோ கடலைத் தொலியோ பரப்பி, அப்பப்போ கிளறி விடணும்.

கோழி தரையில தூங்குறதைவிடக் கிளையிலதான் நிம்மதியா தூங்கும். ஒரு கோழிக்கு 8 அங்குல இடம்னா 20 கோழிக்கு 13 அடி சொச்சம். 8 அடி நீளத்துல ரெண்டு கம்பு கட்டினா 16 அடி, வேலை முடிஞ்சுது. ரெண்டும் ஒரே உசரத்துல இருக்கணும், இல்லைன்னா மேல் சீட்டுக்கு தினமும் சண்டைதான். பழைய தீவனத் தொட்டியை இடிச்சிடாதீங்க. ஒரு அடிக்கு ஒரு தடுப்பு வெச்சு வைக்கோல் போட்டா அதுவே முட்டையிடுற பெட்டி. அஞ்சு கோழிக்கு ஒண்ணுன்னா நாலு போதும். கம்பு மட்டும் தொட்டியைவிட உசரமா இருக்கட்டும், இல்லைன்னா பெட்டிக்குள்ளயே தூங்கி அசிங்கம் பண்ணிடும்.

அடுத்தது, பகல்ல மேய்றதுக்கு வெளி முற்றம். 10-க்கு 16 அடி எடுத்துக்கிட்டா 160 சதுர அடி. ஒரு பக்கம் தொழுவத்துச் சுவர். மீதி மூணு பக்கம் 16 + 10 + 16, ஆக 42 அடி வேலி.

இப்போ சூட்சுமத்துக்கு வருவோம். 4 அடி அகல அரை அங்குல மெஷ்ஷை எடுத்து, இரண்டரை அடியை நேரா நிறுத்துங்க. மீதி ஒன்றரை அடியை 'எல்' மாதிரி வெளிப்பக்கமா மடக்கித் தரையோட படுக்க வைங்க. மேல கல்லும் மண்ணும் போட்டா போதும், கொஞ்ச நாள்ல புல்லு முளைச்சு மூடிடும். ஆழமா குழி தோண்டவே வேணாம். ஏன்னா, தோண்டுற மிருகம் வேலியில மூக்கு முட்டுற இடத்துலதான் தோண்டும். அங்கே கம்பி தட்டுப்படும். 'ஒன்றரை அடி பின்னாடி போய்த் தோண்டுவோம்'னு அதுக்குத் தோணாது. ரெண்டு மூலையிலயும் மடக்கினதுக்கு அப்புறம் ஒரு சதுரம் காலியா நிக்கும். அங்கே மறக்காம ஒட்டுப் போடுங்க.

அந்த இரண்டரை அடிக்கு மேல இன்னொரு 4 அடி ரோல். இது ஒரு அங்குல மெஷ்ஷா இருந்தா போதும். அரை அடி மேல ஏத்திக் கட்டினா மொத்த உசரம் 6 அடி, நீங்க குனியாம உள்ளே போகலாம். கூரைக்குப் பதிலா நைலான் வலை, பருந்துக்கு டாட்டா. வேலிக் கதவுக்கு அடியில ஒரு பலகைக் கல்லைப் பதிச்சிடுங்க.

முற்றம் பகலுக்கு மட்டும்தான். நைலான் வலையை நம்பி ராத்திரி வெளியே விட்டுடாதீங்க. இருட்டுறதுக்குள்ள எல்லாம் தொழுவத்துக்குள்ள போய்டணும். தீவனத்தையும் மூடி போட்ட டின்னுக்குள்ள வெச்சிடுங்க. தீவனம் சிந்தினா எலி வரும், எலி வந்தா பின்னாடியே பாம்பு வரும்.

இன்னொரு எதிரி இருக்கு. எந்த மெஷ்ஷும் அதைத் தடுக்காது. வெள்ளைக் கழிச்சல்னு நம்ம ஊர்ல சொல்ற ராணிக்கெட் நோய். அதுக்குத் தடுப்பூசிதான் வேலி. பக்கத்துல இருக்கிற அரசு கால்நடை மருந்தகத்துல கேட்டு, கோழிங்களைக் குடி வைக்கிறதுக்கு முன்னாடியே போட்டுடுங்க.

வைவா

கட்டி முடிச்சாச்சு. உடனே கோழியை விடாதீங்க, ரெண்டு டெஸ்ட் பாக்கி இருக்கு. முதல்ல, ராத்திரி உள்ளே ஒரு பல்பை எரிய விட்டுட்டு வெளியே இருட்டுல சுத்தி வாங்க. வெளிச்சம் கசியுற ஒவ்வொரு சந்துலயும் சுண்டு விரலை விட்டுப் பாருங்க. விரல் சுலபமா உள்ளே போனா அங்கே அரியர். ரெண்டாவது, சுவரைச் சுத்தி அடுப்புச் சாம்பலைத் தூவி மூணு ராத்திரி விடுங்க. காலையில காலடித் தடம் எங்கே நின்னு யோசிச்சிருக்குன்னு தெரியும். அந்த இடத்தைப் பலப்படுத்துங்க.

எல்லாம் பாஸானாலும் ஒரு ஐட்டம் பாக்கி. சாயங்காலம் கோழி அடையுற நேரத்துல அந்தக் கதவை யார் சாத்தப் போறா? நீங்க இல்ல. நீங்க ஹாஸ்டல்ல மெஸ் க்யூவுல நிப்பீங்க. ஈ.சி.இ. மக்கள் 'லைட் சென்சரும் மோட்டாரும் வெச்சு ஆட்டோமேட்டிக் கதவு போட்டுடலாம்'பாங்க. தாராளமா செய்ங்க. ஆனா, லேட்டா வர்ற ஒரு கோழி வெளியே நிக்குதுன்னு சென்சருக்குத் தெரியாது, பாட்டிக்குத் தெரியும். தினமும் எண்ணிப் பார்த்துச் சாத்துறவங்க அவங்கதான்.

அதனால, தாழ்ப்பாளை அடிக்கிறதுக்கு முன்னாடி பாட்டியைக் கூப்பிட்டு அங்கே நிக்க வைங்க. முட்டி வலியோட குனியாம, எட்டி நிமிராம அவங்க கை எந்த உசரத்துக்கு வருதோ, அங்கே ஒரு கரிக்கோடு போட்டுக்குங்க.

தாழ்ப்பாள் அங்கதான்!