கால் வேணும், வாய் வேணாமா?

“வாயை மூடிக்கிட்டு பந்தைத் தட்டு.” 2018 பிப்ரவரியில் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளினி ஒருவர் கூடைப்பந்து வீரர் லெப்ரான் ஜேம்ஸைப் பார்த்துச் சொன்னது இது. ஜேம்ஸ் கோடீஸ்வரர், திருப்பிக் கொடுத்தார். கல்லூரி அணியில் இடம் தேடும் பதினாறு வயதுக் கறுப்புப் பையன் என்ன செய்வான்? அவனிடம் இதையே நாசூக்காகச் சொல்கிறார்கள்: “உன் இணையப் பக்கத்தைச் சுத்தமா வச்சுக்கோ.”

எது சுத்தம்? கேள்வி இங்கேதான் இருக்கிறது.

ஏழை வீட்டுப் பிள்ளைக்கு விளையாட்டு உதவித்தொகைதான் கல்லூரி வாசல். பயிற்சியாளர் எட்டிப் பார்க்காத ஊர்ப் பள்ளியில் ஆடுகிறவன் தன் ஆட்டத்தைப் படம்பிடித்து, உயரம், எடை, மதிப்பெண்ணோடு ட்விட்டரில் (இன்று எக்ஸ்) போடலாம். போடத்தான் வேண்டும். 2016 ஆகஸ்டு முதல் முதல்பிரிவுக் கல்லூரிகளின் பயிற்சியாளர்கள் மாணவர் பதிவுக்கு ‘லைக்’ போடலாம், பகிரலாம். பின்னூட்டம் எழுதக் கூடாது என்பது விதி. அந்த லைக்கைப் பார்த்து இடம் கிடைச்சாச்சுன்னு நம்பிவிடக் கூடாது. உதவித்தொகை ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை எல்லாம் வாய்ப்பேச்சு.

அழிக்க வேண்டியதும் உண்டு. 2020இல் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலையைக் கேலி செய்து பதிவிட்ட ஒரு மாணவிக்குக் கொடுத்திருந்த இடத்தை மார்க்கெட் பல்கலைக்கழகம் திரும்பப் பெற்றது. சரிதான். அடுத்தவன் சாவில் சிரிப்பது கருத்துச் சுதந்திரம் அல்ல, ஆதிக்கத் திமிர். பெண்களை இழிவாகப் பேசும் நம் பையன்களுக்கும் இதே நியாயம்தான்.

ஆனால் அந்தக் கொலையைக் கண்டித்து எழுதியவனையும் ‘பிரச்சினைக்காரன்’ என்று ஒதுக்கினால்? குப்பையையும் குரலையும் ஒரே துடைப்பத்தால் பெருக்குவதா?

ஏன் இந்தப் பயம் என்பதற்கு மிசௌரி பதில் சொல்லும். 2015 நவம்பர் 7 அன்று மிசௌரி பல்கலைக்கழகக் கால்பந்து அணியின் கறுப்பு வீரர்கள் கைகோத்து நிற்கும் ஒரு படத்தை ட்விட்டரில் போட்டார்கள். வளாகத்தின் இனவெறியைக் கண்டுகொள்ளாத தலைவர் டிம் வுல்ஃப் விலகும்வரை ஆடமாட்டோம் என்றார்கள். அடுத்த ஆட்டத்தைக் கைவிட்டால் 10 லட்சம் டாலர் நட்டம். மாணவர் ஒருவர் நாள்கணக்கில் பட்டினி கிடந்தும் அசையாத நாற்காலி, நவம்பர் 9இல் காலியானது. அடுத்த மாதமே, போராடும் வீரர்களின் உதவித்தொகையைப் பறிக்க ஒரு மசோதா வந்தது. எதிர்ப்புக் கிளம்பவே வாபஸ் ஆனது.

அவர்களுக்குத் தெரியும், ஆடுகிற உடல் ஆடமறுத்தால் என்ன ஆகுமென்று. பதினாறில் வாயைத் தைத்துவிட்டால் இருபதில் கைகோக்க ஆள் இருக்காது.

தம்பி, தங்கச்சி, உங்கள் பக்கத்தைக் கழுவுங்கள். வசவைக் கழுவுங்கள், வக்கிரத்தைக் கழுவுங்கள். உங்கள் முகத்தையும் சேர்த்துக் கழுவிவிடாதீர்கள். காலை மட்டும் கேட்கும் கல்லூரியிடம் சொல்லுங்கள்: இந்தக் காலுக்கு மேலே ஒரு தலை இருக்கு, அதுல ஒரு வாயும் இருக்கு.