ஏட்டில் ஏறாத மரணம்

போர்க்கால விமான விபத்தறிக்கைகளில் குடிமக்களின் பெயர் காணப்படாமையால் எவரும் மாண்டிலர் என்று வாதிக்கும் நண்பர், ஜொகூரின் சிம்பாங் ரெங்கத்துத் தோட்டங்களின் சரித்திரத்தைச் சிறிதேனும் அறிந்திருப்பாராயின், இத்தகைய அவசரத் தீர்ப்பை அளித்திரார். 1942 ஜனவரி 26இல் ஜொகூரின் எண்டாவில் ஜப்பானியரைத் தாக்கச் சென்ற பிரிட்டிஷாரின் இரட்டை இறக்கை விமானங்கள் பல வீழ்ந்தன. விமானியையும் இயந்திரத்தையும் கணக்கிடவே ஏற்பட்ட படையேட்டில், ரப்பர் மரத்தடியில் நின்றவனுக்கு இடமேது? 1945 ஆகஸ்டில் நெகிரி செம்பிலான் காட்டில் விழுந்த லிபரேட்டர் குண்டுவீச்சு விமானத்தின் பணியாளர் எண்மரும் 2012இல் கோலாலம்பூரில் இராணுவ மரியாதையுடன் அடக்கமாயினர், நியாயமே. ஜப்பானியர் அமைத்த சயாம் ரயில்பாதையில் மடிந்த தமிழருக்கோ முழுமையான பெயர்ப்பட்டியல்கூட இல்லை! விமானம் விழுந்து தோட்டத்தார் மாண்டதாகப் பாட்டி சொல்லும் கதை பிரமாணமாகாதுதான். ஆயினும் அது துப்பு. தோட்டத்துத் தொழிலாளர் பதிவேடான செக்ரோலோடும் மரணப் பதிவோடும் அதனை ஒப்புநோக்காமல் மறுப்பது ஆராய்ச்சியன்று, சோம்பல். முதியோர் இருக்கும்போதே கேட்டு எழுதிவையுங்கள்.