அம்மை போட்ட கோழிக்கும் பசிக்கும்

கோழியின் கொண்டையிலும் கண்ணைச் சுற்றியும் கறுப்பாகப் பொருக்குத் தட்டினால் புதுச்சேரியின் பாகூர், வில்லியனூர்ப் பக்கம் இரண்டு வழக்கம் உண்டு. ஒன்று, “ஆத்தா வந்திருக்கா, தொடாத” என்று வேப்பிலையைச் செருகிவிட்டு ஒதுங்கிக்கொள்வது. இன்னொன்று, செத்துத் தொலைவதற்குள் வந்த விலைக்குத் தள்ளிவிடுவது. இரண்டிலும் அடிபடுவது வீட்டுப் பெண்ணின் முட்டைக்காசு.

கோழியம்மை ஒரு வைரஸ் நோய். பிள்ளைகளுக்கு வருகிற சின்னம்மைக்கும் இதற்கும் உறவு கிடையாது, மனிதருக்கு ஒட்டாது. சூட்டில் வருகிறது என்பார்கள். உண்மையில் கொசுக்கடியால் பரவும். கொத்திக்கொண்ட காயம் வழியாகவும் நுழையும். ஏரித் தண்ணீர் பாய்கிற பாகூருக்கும் சங்கராபரணி ஆற்றங்கரையில் இருக்கிற வில்லியனூருக்கும் கொசுவைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நோய் பரப்பும் பூச்சிகளை ஆராய 1975-லேயே மத்திய அரசு ஒரு மையம் வைத்த ஊர் புதுச்சேரி.

கொண்டை, தாடி, கண்ணிமை என்று மயிரில்லாத இடங்களில் மட்டும் பரு வந்தால் பெரும்பாலும் மூன்று, நான்கு வாரத்தில் பொருக்கு தானாக உதிர்ந்துவிடும். பிறகு ஏன் இத்தனை கோழி சாகிறது? இமை மூடிக்கொள்கிறது. கண் தெரியாத கோழி மேய முடியாது. மற்றவை விரட்டிக் கொத்தும். தண்ணீர்ச் சட்டி எங்கே என்றும் தெரியாது. அம்மையில் போனது என்று நாம் சொல்கிற கோழிகளில் பல பட்டினியில் போனவை. ஆகவே முதல் வைத்தியம் சோறு. தனியே பஞ்சாரத்தில் கவிழ்த்து, கொதித்து ஆறிய நீரில் கொஞ்சம் உப்புப் போட்டுக் கண்ணைத் துடைத்து, நொய்யோ கம்போ பிசைந்து சிறு உருண்டையாக வாயில் கொடுங்கள். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசுவதில் தப்பில்லை. பொருக்கைப் பிய்க்கத்தான் கூடாது. ரத்தம் வரும், உதிர்ந்த பொருக்கில் கிருமி மாதக்கணக்கில் உயிரோடிருக்கும்.

வாய்க்குள் மஞ்சளாகப் படலம் கட்டி, கோழி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் கதை வேறு. அப்போது கைவைத்தியம் வேண்டாம், கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். குரும்பாப்பேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. நாட்டுக்கோழியோடு அங்கே போகக் கூச்சப்படவே வேண்டாம்.

தோலில் எது வந்தாலும் அம்மை என்று முடிவு கட்டிவிடுகிறோம். கால் செதில் தூக்கிக்கொண்டு, சுண்ணாம்பு பூசினாற்போல் தடித்திருந்தால் அது செதிலுக்கடியில் வளை தோண்டும் கண்ணுக்குத் தெரியாத உண்ணியின் வேலை. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, மெல்லத் தேய்த்து, வேப்பெண்ணெயோ தேங்காயெண்ணெயோ சில நாளுக்கொரு முறை சில வாரம் தடவினால் சரியாகும். சிலர் மண்ணெண்ணெய் ஊற்றுகிறார்கள், தோல் வெந்துவிடும். இறக்கைக்கு அடியிலும் ஆசனவாயைச் சுற்றியும் பேன் ஓடினால் சாம்பல் கலந்த புழுதிக்குழி ஒன்று வெட்டிக் கொடுங்கள், கோழியே குளித்துக்கொள்ளும். கூண்டையும் சுத்தம் செய்யுங்கள். நெல்லுக்கு அடித்து மிஞ்சிய பூச்சிமருந்தைக் கோழிமேல் தெளிப்பது மடத்தனம். அந்த முட்டையை நம் பிள்ளைதான் தின்னும்.

அம்மைக்கு மருந்து இல்லை, தடுப்பூசி உண்டு. குஞ்சுக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் இறக்கைச் சவ்வில் ஒரு குத்து. ஒரு வாரம் பத்து நாளில் குத்திய இடம் தடித்திருந்தால் பிடித்துவிட்டது என்று அர்த்தம். சிக்கல் குப்பியில்தான். ஒரு குப்பி நூறு கோழிக்கு மேலேயே வரும். கலந்தால் ஓரிரு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். எட்டுக் கோழி வைத்திருப்பவருக்கு யார் உடைப்பார்கள்? தெருவில் பத்து வீட்டுக்காரம்மாக்கள் சேர்ந்து மருந்தகத்தில் ஒரு தேதி கேளுங்கள், அன்று கோழியைக் காலையில் திறந்துவிடாமல் அடைத்து வையுங்கள். தேதியை மழைக்காலம் தொடங்குவதற்கு முன்பே கேளுங்கள்.